ஏழடி வேலி

ஊசி உள்ளே இறங்கிய நேரம் பார்த்துத்தான் அன்புச்செல்வியின் போன் அலறியது. ரத்தம் குழாயில் ஏறிக்கொண்டிருந்தது. எடுக்கவில்லை. மறுபடியும் அலறியது. கையை நீட்டிக்கொண்டிருந்த பெரியவருக்கே பொறுக்கவில்லை.

"எடுத்துப் பேசும்மா. யாருக்கு இன்னா அவசரமோ."

தோளுக்கும் காதுக்கும் நடுவே போனை இடுக்கிக்கொண்டாள். பெரியதம்பி. அவள் வீட்டை ஒட்டிய நிலக்கடலைக் கொல்லைக்காரர்.

"ஏம்மா அன்பு, உன் குதிரை எங்க மல்லாட்டைக் கொல்லையில நிக்குது."

"வேலி போட்டிருக்கோமேண்ணே!"

"வேலி போட்டது போட்டபடி இருக்குது. எகிறிக் குதிச்சு வந்துடுச்சு. எங்கூட்டுக்காரி கண்ணால பாத்திருக்கா."

திண்டிவனத்தில் அந்த ரத்தப் பரிசோதனை நிலையத்தில் எட்டு வருடமாக அவள் ஊசி குத்துகிறாள்.  ஊசியை உருவி, பெரியவர் கையில் பஞ்சை அழுத்தினாள்.

குதிரை அவள் கேட்டு வந்ததல்ல. கணவன் புகழேந்தி குட்டியானை லோடு வண்டி ஓட்டுகிறவன். விழுப்புரத்துக் கல்யாண பேண்டுக்காரருக்கு வாடகைக்குப் போனவன், திரும்பும்போது வண்டியில் பொன்னியை ஏற்றிக்கொண்டு வந்தான். செம்மண் நிறத்தில் ஒரு பெண்குதிரை. பட்டாசுச் சத்தம் கேட்டால் அதற்கு ஆகாது. கடைசி ஊர்வலத்தில் மாப்பிள்ளையோடு திருவாமாத்தூர் வரை ஓடிவிட்டதாம். பெண் வீட்டார் மண்டபத்து வாசலிலேயே நின்றார்களாம். பழைய டூவீலர் விலைக்குத் தள்ளிவிட்டார் பேண்டுக்காரர்.

"பட்டாசு வெடிக்காத கல்யாணமா பாத்து வாடகைக்கு உடலாம்" என்றான் புகழேந்தி.

"அப்டி ஒரு கல்யாணம் இந்த ஜில்லாவுல எங்க நடக்குது?"

அவன் குதிரைக்குத் தண்ணீர் வைக்கப் போய்விட்டான்.

அன்று மாலை பெரியதம்பி வரப்பில் நின்று தீர்ப்புச் சொன்னார். "இன்னொரு வாட்டி வந்துச்சுன்னா இந்த வழிய அடைச்சிடுவேன். அப்புறம் நீங்க ஏரியச் சுத்திக்கினுதான் ரோட்டுக்குப் போவணும்."

அவர் வரப்பு வழியாகத்தான் அன்புச்செல்வியின் வீட்டுக்கு வண்டி வரும், கேஸ் சிலிண்டர் வரும், மழைக்காலத்தில் அவளும் வருவாள். கல்யாணமாகி வந்த நாள் முதல் அந்த வரப்பில் தலையைக் குனிந்துதான் நடந்திருக்கிறாள். கொடுத்த வழியில் நடப்பவள் வேறெப்படி நடப்பாள்?

புகழேந்தி வேலியை ஐந்தடியாக்கினான். சவுக்குக் கம்பு நட்டு, குறுக்கே மூங்கில் கட்டி, நுழைய ஒரு படல் வைத்தான். மறுநாள் மத்தியானம் போன் வந்தது. பொன்னி கொல்லையில் நின்றது. புகழேந்தி பெரியதம்பியைக் கும்பிட்டு இன்னும் ஒரு தவணை வாங்கினான்.

ஆறடியாக்கி மேலே முள் வைத்தான். அடுத்த நாளும் பொன்னி கொல்லையில்தான். ஒரு முள்கூட உதிர்ந்திருக்கவில்லை.

"மல்லாட்டை கண்ணுல படறதாலதான் தாண்டுது" என்று ஏழடிக்குத் தென்னங்கீற்று வைத்து மறைத்தான். இப்போது பொன்னிக்கு வெளியே எதுவும் தெரியாது. வெளியே இருப்பவர்களுக்கும் பொன்னி தெரியாது. மத்தியானம் பெரியதம்பியின் மனைவி கெங்கம்மாளின் குரல் கொல்லையிலிருந்து கேட்டது.

"இதோ பாருங்க, பறந்து வந்துடுச்சு!"

பெரியதம்பி ஓடிவந்து பார்த்தார். பொன்னி வாயில் மல்லாட்டைக் கொடியோடு அவரை நிதானமாகப் பார்த்தது. அவர் வேலியை நிமிர்ந்து பார்த்தார். திட்ட வந்தவர் கீற்றைத் தொட்டுப் பார்த்தார்.

"ஏழடி" என்றார் மெதுவாக. "கீத்து அசையல பாரு."

அன்று வேலை முடிந்து வந்த அன்புச்செல்வி வேலிக்குள் போய் நின்றாள். கீற்றின் விளிம்பு அவள் தலைக்கு மேலே வானத்தை வெட்டிக்கொண்டு நின்றது. அந்தப் பக்கம் என்ன இருக்கிறதென்று தெரியாமலே ஒரு உயிர் தன்னைத் தூக்கி எறிந்துகொண்டிருக்கிறது. பொன்னியின் கழுத்தில் கை வைத்தாள். தோலுக்கடியில் சூடு ஓடியது. இவ்வளவு பெரிய காரியம் செய்துவிட்டு இது எப்படி இவ்வளவு சாதுவாக நிற்கிறது? தாண்டுவதற்கு முன்னால் இதற்குப் பயம் வராதா? வந்தும் தாண்டுகிறதா?

மறுநாள் நிலையத்து முதலாளியிடம் போய், "இனிமே ஞாயித்துக்கெழம வரமாட்டேன் சார்" என்றாள். எட்டு வருடமாக அவள் வாய்க்குள்ளேயே கிடந்த வாக்கியம். அவர் கண்ணாடியைக் கழற்றி அவளைப் பார்த்தார். "சரிம்மா" என்றார். அவ்வளவுதான். வெளியே வந்து மாடிப்படியில் உட்கார்ந்துகொண்டாள். 

செய்தி பரவிற்று. கண்டாச்சிபுரம் சந்தைக்குப் போனவர்கள் அங்கேயும் சொன்னார்கள். கூட்டம் கூட்டமாக வந்து வேலியை அளந்தார்கள், செல்பி எடுத்தார்கள். பொன்னி இத்தனை நாளாகத் தின்ற அளவு மல்லாட்டையை, வேடிக்கை பார்க்க வந்தவர்கள் ஒரே நாளில் மிதித்தார்கள். பெரியதம்பி கோபப்பட்டிருக்க வேண்டும். ஆனால் அவர் கழுத்தில் துண்டைப் போட்டுக்கொண்டு விளக்கம் சொல்லிக்கொண்டிருந்தார்.

"இங்கேர்ந்து கிளம்புச்சுன்னா அங்கதான் வந்து எறங்கும். தூசு பறக்காதுங்க."

"நீங்க பாத்தீங்களா?"

"நான் பாக்காட்டி இன்னா? எங்கூட்டுக்காரி பாத்தா."

கெங்கம்மாள் முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு வீட்டுக்குள் போய்விட்டாள். கூட்டம் என்றால் அவளுக்குக் கூச்சம்.

கோட்டக்குப்பத்துக்கு அந்தாண்ட கடலோரத்தில் குதிரையேற்றப் பள்ளி நடத்தும் சீனுவாசனும் வந்தார். ராணுவத்தில் குதிரைப் படையில் இருந்தவர். டேப்பை எடுத்து வேலியை இரண்டு தடவை அளந்தார்.

"நம்புற மாதிரி இல்லையே. ஆறடி தாண்டுற குதிரையையே நாங்க கும்பிடுவோம்."

பெரியதம்பிக்கு ரோஷம் வந்துவிட்டது. "நஷ்டம் எனக்கு சார். பொய் சொல்லணும்னு எனக்கு இன்னா வேண்டுதலா?"

அதற்கு மேல் சாட்சி என்ன வேண்டும்? ஊரே காத்திருந்தது. பொன்னியை வேலிக்குள் விட்டார்கள். அது வாலை வீசி ஈ ஓட்டியது. கொட்டாவி விட்டது. யாரோ மரியாதைக்குப் போட்டிருந்த மாலையைத் தின்றது.

"ஆளுங்க இருந்தா தாண்டாது சார்" என்றாள் அன்புச்செல்வி. தன் குரல் அவ்வளவு பலமாக வருமென்று அவளுக்கே தெரியாது. "அதுக்குக் கூச்சம்."

சீனுவாசன் பொன்னியின் பின்னங்கால்களைத் தடவிப் பார்த்தார். பிறகு வேலியைப் பார்த்தார். "கூட்டிக்கினு போறேன். சரிப்படலேன்னா திருப்பி அனுப்பிடுவேன்."

"திரும்பி வந்தா வழி கெடையாது, சொல்லிட்டேன்" என்றார் பெரியதம்பி. அவர் குரலில் பழைய காரம் இல்லைதான். ஆனாலும் சொன்ன சொல் சொன்னதுதான்.

பதினைந்து நாளில் சீனுவாசன் போன் செய்தார்.

"ஏம்மா, முட்டி உயரத்துக் கட்டையைப் பார்த்தே நின்னுக்குதும்மா. பேஜாரா போச்சு. வண்டியை அனுப்பு, ஏத்தி விடறேன்."

அன்புச்செல்வி வரப்பின் நடுவில் நின்றிருந்தாள். காலுக்கடியில் அந்த வழி.

"அதால முடியும் சார். ஏழடி சார். நீங்களே அளந்தீங்களே."

 "ஆமா, அளந்தேன்" என்றார் சீனுவாசன். "அப்போ தப்பு என்கிட்டதான் இருக்கணும்."

வேறு குதிரையாக இருந்தால் அன்றே அனுப்பியிருப்பார். ஏழடி தாண்டிய குதிரையை எப்படி அனுப்புவது? கட்டையைத் தரையில் போட்டார். பிறகு ஒரு சாண் உயர்த்தினார். பட்டாசுப் பயம் போக, தினமும் தூரத்தில் தகரம் தட்டினார். ரோஜா என்ற மாணவியை அதன் முதுகில் ஏற்றினார். பொன்னி மறுக்கும் ஒவ்வொரு முறையும் அவர், "உனக்கு இதெல்லாம் ஒரு உயரமா தாயீ?" என்று அதன் காதில் சொல்வாராம். குதிரையும் ஒருநாள் அதை நம்பியிருக்க வேண்டும்.

மூன்றாம் வருடம் பெங்களூரில் குதிரைகள் தடை தாண்டும் தேசியப் போட்டி. கடல் தாண்டி விமானத்தில் வந்த குதிரைகள். ஒவ்வொன்றின் விலையிலும் ஒரு கல்யாண மண்டபம் கட்டலாம். நடுவில் பொன்னி.

ஊரே பெரியதம்பி வீட்டு டிவி முன்னால் உட்கார்ந்திருந்தது. புகழேந்திக்கு உட்காரவே முடியவில்லை. வழி அடைக்கும் பேச்சை இப்போது யாரும் எடுப்பதில்லை. பெரியதம்பியே செலவு செய்து அந்த வரப்பை அகலப்படுத்தியிருந்தார். 'பொன்னி வீட்டுக்குப் போற வழி' என்று வருகிறவர்களுக்குக் கைகாட்டுவதில் அவருக்கு ஒரு பெருமை.

விமானத்துக் குதிரைகள் ஒவ்வொன்றாகக் கட்டையைத் தட்டிவிட்டன. பொன்னி வந்தது. ஓடி வந்தது போலவே இல்லை, யோசித்து வந்தது போலிருந்தது. தடைக்கு முன்னால் ஒரு கணம் தன்னைத் தானே சுருட்டிக்கொண்டது. பிறகு மண் அதை விட்டுவிட்டது.  அந்தரத்தில் அவ்வளவு கனமான உடம்பு, அவ்வளவு அமைதியாக. பட்டாசுக்கு ஓடிய அதே கால்கள் மடங்கி, கட்டைக்கு மேலே ஒரு விரல்கடை விட்டுக் கடந்தன. ஒரு கட்டையும் விழவில்லை. கடைசித் தடையையும் தாண்டி இறங்கியபோது ரோஜா பொன்னியின் கழுத்தைக் கட்டிக்கொண்டு அழுதாள்.

வீடு அதிர்ந்தது. "நம்ம கொல்லையில பழகின குதிரைடா!" என்று பெரியதம்பி எழுந்து நின்று கத்தினார். புகழேந்தி வாசலுக்கு ஓடினான், எதற்கென்று தெரியாமல் திரும்பி ஓடி வந்தான்.

அன்புச்செல்வி கண்ணைத் துடைத்துக்கொண்டு பக்கத்தில் பார்த்தாள். கெங்கம்மாள் மட்டும் கத்தவில்லை. இரண்டு கையாலும் வாயைப் பொத்திக்கொண்டு, டிவியிலிருந்து கண்ணை எடுக்காமல் உட்கார்ந்திருந்தாள்.

"இன்னாக்கா, நீதான மொதமொதல்ல பாத்தவ. உனக்கு இதெல்லாம் புதுசா?"

கெங்கம்மாள் கணவர் இருந்த பக்கம் ஒருமுறை பார்த்துவிட்டு, அன்புச்செல்வியின் காதோரம் குனிந்தாள்.

"நீங்க வேலைக்குப் போனதும் அது தனியா கத்திக்கினே கெடக்கும், மனசு கேக்காம நான்தான் படலத் தொறந்து ஓட்டியாருவேன், இவரு திட்டுவாருன்னு எகிறிக் குதிச்சிடுச்சுன்னு சொல்லிட்டேன், அது குதிச்சு நான் பாக்கறது இன்னிக்கித்தான் அன்பு."