கை தூக்காத சபை

மூன்றாவது பாட்டும் முடிந்துவிட்டது. பாளையம்பட்டி சபையில் ஒருவரும் கையை உயர்த்தவில்லை. பிச்சையம்மாள் மட்டும் உயர்த்தினார், அதுவும் கொசு அடிக்க.

சபை வாசற்படியில் மைக்கும் கையுமாக நின்ற இம்மானுவேல், எதிரே மூங்கில் பந்தலுக்குள் உட்கார்ந்திருந்த சனத்தைப் பார்த்தான். பகலெல்லாம் லோடு ஆட்டோ ஓட்டிக்கொண்டே மெட்டுப் போடுகிறவன். 'காய்ந்த கரிசலும் துளிர்க்கும்' என்று இந்த எழுப்புதல் கூட்டத்துக்கென்றே புதுப்பாட்டு ஒன்று கட்டி வைத்திருந்தான். பாஸ்டர் ஜெயக்குமாரோ காலையிலேயே கறாராகச் சொல்லிவிட்டார்.

"தம்பி, சனம் கையத் தூக்கி ஆராதிக்கணும். இன்னைக்கும் மரமா உக்காந்திருந்தா, நாளைக்கு விருதுநகர்ல இருந்து பாட்டு டீமு வந்துரும். கோவிச்சுக்கிறாத."

சனம் ரோட்டில் போகிற பஸ்ஸை வேடிக்கை பார்ப்பதுதான் கோளாறு என்று இம்மானுவேலுக்குத் தோன்றியது. பந்தல்காரன் சதீஸ்குமாரைக் கூப்பிட்டான்.

"ஏலே, சுத்திப் படுதாவக் கட்டு."

கட்டினான். பஸ் மறைந்தது, காற்றும் நின்றது. புழுக்கத்தில் சனம் பைபிளை எடுத்து விசிற ஆரம்பித்தது. இருந்த கையும் போயிற்று.

"எல்லாரும் எந்திருச்சு நின்னு பாடுவோம்" என்றான் இம்மானுவேல்.

எழுந்தார்கள். கால் வலித்தவர்கள் ஆளுக்கொரு பந்தக்காலில் சாய்ந்துகொண்டார்கள். பாஸ்டர் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். இம்மானுவேல் பதறிப்போய்ச் சதீஸ்குமாரிடம் ஓடினான்.

"படுதாவ அவுத்துரு."

"ஏலே, இது ஆடிக் காத்து. படுதா கிடந்தாத்தான் பந்தலுக்குப் பிடி."

"அவுருங்கேன். சனம் வேகுது."

சதீஸ்குமார் முணுமுணுத்துக்கொண்டே அவிழ்த்தான். இம்மானுவேல் தன் புதுப்பாட்டைத் தொடங்கினான். அந்த முகங்களைப் பார்க்கிற தைரியம் இல்லாமல் கண்ணை இறுக மூடிக்கொண்டான். இரண்டாம் சரணத்தில் 'ஹோ'வென்று ஒரு முழக்கம் எழுந்தது. அன்று பரிசுத்த ஆவி இறங்கியபோது மேல்வீட்டறையில் சீஷர்கள் கேட்ட காற்று இதுதானோ என்று அவனுக்கு உடம்பு சிலிர்த்தது. "ஆண்டவரே" என்று யாரோ அலறினார்கள். அப்புறம் மொத்தச் சபையும் தொண்டை கிழியப் பாடியது.

கண்ணைத் திறந்தான். நீர் கட்டிய கண்ணுக்குக் கைகள்தான் தெரிந்தன. அத்தனை பேரும் இரண்டு கைகளையும் வானத்துக்கு நீட்டியிருந்தார்கள். பாஸ்டரும் அப்படித்தான் நின்றார். கருப்பசாமிக்கு நேர்ந்துகொள்கிற சதீஸ்குமார்கூடக் கை உயர்த்தி, வாய்க்கு வந்ததைப் பாடிக்கொண்டிருந்தான்.

இம்மானுவேல் பாட்டை விட்டுவிட்டு முழங்காலில் விழுந்தான்.

"ஆண்டவரே, நான் நம்பாமப் போயிட்டேனே" என்று மைக்கிலேயே தேம்பினான்.

முன்வரிசையில் கழுத்து நரம்பு புடைக்க நின்ற பிச்சையம்மாள் பல்லைக் கடித்துக்கொண்டு சொன்னார்:

"அழுகைய அப்புறம் வச்சுக்கப்பா, பந்தலு மூங்கிலோட சரிஞ்சு எங்க கையிலதான் நிக்குது, பாட்ட மட்டும் நிப்பாட்டிராத, பாடுறப்பத்தான் கனம் தெரியல."