பன்னிரண்டு மணிக்கு விழுந்த மரம்

ஊர் விளையாட்டு விழாவில் கேபர் என்ற நெடுமரத்தை எறிபவர்களின் பட்டியலில் ஏழாவது பெயர் தபாலாபீஸ் மர்டோவுடையது. எழுதிக் கொடுத்தது அவர் மனைவி இஷ்பெல்.

தப்பு மர்டோ மேல்தான். இருபதடி மரத்தைத் தூக்கிக்கொண்டு ஓடி, தலைகீழாகப் புரட்டி, கடிகாரத்துப் பன்னிரண்டு போல நேர் எதிரே விழவைத்ததாக, கல்யாணமான நாளிலிருந்து சொல்லிக்கொண்டிருந்தார். இளவயதில், வேறு ஊர் விளையாட்டிலாம். உண்மையில் அந்த ஊரில் அவர் மழைக்கு ஒதுங்கியதோடு சரி.

போன மாதம் ஒரு கல்யாண விருந்தில் இஷ்பெலின் அண்ணன் லாக்லன், எட்டு வருஷமாக ஜெயிக்கிறவன், எல்லார் முன்னாலும் கேட்டுவிட்டான். "மாப்ள, நீ தூக்கினது மரமா, தபால் மூட்டையா?"

இஷ்பெல் முகம் சிவந்து உட்கார்ந்திருந்தாள். மறுநாளே போய்ப் பெயர் கொடுத்துவிட்டாள்.

முதுகுவலி என்று மர்டோ படுத்துப் பார்த்தார். இஷ்பெல் குதிரைத் தைலம் தேய்த்தாள். பாதிரியார் ஞாயிறு ஜெபத்தில் அந்த முதுகைப் பெயர் சொல்லிச் சேர்த்தார். அதற்கப்புறமும் குணமாகாமல் இருப்பது பாதிரியாருக்கு மரியாதையாக இருக்காது. மர்டோ எழுந்துவிட்டார்.

சரி, பழகித்தான் பார்ப்போமே என்று அடுத்த வீட்டுத் துணிக்கொடிக் கம்பத்தைக் கட்டிப்பிடித்தார். மண்ணுக்குள் உளுத்துப்போயிருந்த கம்பம் அப்படியே வந்து கோழிக்கூண்டின் மேல் விழுந்தது. வெறுங்கையால் பிடுங்கிவிட்டான் மனுஷன் என்று சாயங்காலத்துக்குள் ஊர் முழுக்கப் பேச்சு.

இனி தோற்றால் இஷ்பெல் தெருவில் எப்படி நடப்பாள் என்று மர்டோ இரவெல்லாம் யோசித்தார்.

அடுத்த ஞாயிறு, இரண்டாம் பாட்டின்போது இருமிக்கொண்டே கோயிலை விட்டு வெளியே வந்தார். ஆணியில் தொங்கவேண்டிய ரம்பம் ஒரு மாதமாகச் சமையலறைக் கதவுக்குப் பின்னால் கிடந்தது. எடுத்துக்கொண்டு போட்டிக்கு மரம் கொடுக்கும் ஆர்ச்சியின் மரப்பட்டறைக்குப் போய், அங்கே கிடந்த கேபரின் பருத்த முனையில் ஓரடி அறுத்தார். யாராலும் புரட்ட முடியாத மரத்தைக் கொஞ்சம் அறுத்துக் குறைப்பது வழக்கம்தான் என்பதால் புது வெட்டை யாரும் கேட்கமாட்டார்கள். ஓய்வுநாளில் அறுத்ததைப் பற்றி ஆண்டவர் கேட்பார், அது பிறகு.

போட்டியன்று மரம் சற்றுக் குட்டையாகத் தெரிவதாக நடுவர் முனகினார். கனத்த மரத்துக்குப் பழகிய ஆறு பேரும் முழு பலத்தோடு எறிய, அது கடிகாரத்து மூன்று மணிப் பக்கமும் ஒன்பது மணிப் பக்கமுமாகக் கோணி விழுந்தது. லாக்லன் எறிந்தது தோளுக்குப் பின்னால் போய்த் தேநீர் மேஜையைச் சாய்த்தது.

மர்டோ தூக்கினார். மரம் முன்னால் சாய்ந்தது. விட்டால் விழுந்துவிடுமே என்று பின்னாலேயே ஓடினார். எலி வளை ஒன்று காலை வாரியது. அவர் முழங்காலில் விழ, மரம் எழும்பிப் புரண்டு, நேர் பன்னிரண்டு மணிக்குப் படுத்தது.

பதக்கத்தை மாட்டிக்கொண்டு இஷ்பெல் அண்ணன் எதிரில் இரண்டு தடவை நடந்தாள். அதைப் பார்க்கப் பார்க்க மர்டோவுக்கு நெஞ்சு குறுகுறுத்தது. ஆர்ச்சியைத் தனியே அழைத்து எல்லாவற்றையும் ஒப்புக்கொண்டார். இஷ்பெலுக்கு மட்டும் தெரியவேண்டாம், இருபத்திரண்டு வருஷமாக நம்பிக்கொண்டிருக்கிறாள் என்று கெஞ்சினார்.

ஆர்ச்சி புகையிலைச் சுங்கானைத் தட்டிக்கொண்டே சொன்னார்: "நீ அறுத்தது ஓரடிதான், தம்பி. அந்த விருந்துக்கு மறுநாள் காலையிலேயே இஷ்பெல் வந்து மூணடி அறுத்துட்டு, அதுக்கப்புறம்தான் உன் பேரைக் குடுக்கப் போனா."