நேராக முழங்காலுக்குப் போகும் மருந்து

வாசகர்களே, 'இன்னும் அஞ்சே வருஷம்'காரர் என்று ஓர் இனம் உண்டு. ஆராய்ச்சிக்கூடத்தில் வெள்ளை அங்கியை மாட்டிக்கொண்டு, தண்ணீர் குடித்து உப்பிய ஒரு துண்டு ஜெல்லியைக் கண்ணாடித் தட்டில் ஆட்டிப் பார்த்து, பெற்ற பிள்ளை முதல் அடி எடுத்து வைத்ததுபோல் பூரித்துப் போகிறவர். அந்த ஹைட்ரோஜெல்லுக்குள் மருந்தை வைத்து உடம்புக்குள் செலுத்தினால், வழியில் எங்கும் சிந்தாமல், வலிக்கிற இடத்தில் மட்டும் சொட்டுச் சொட்டாக விடுமாம். எப்போது? இன்னும் அஞ்சே வருஷத்தில். இதைச் சொல்லத் தொடங்கியபோது அவர் தலை முழுக்க முடி இருந்தது. இப்போதைக்கு அந்த ஜெல், தட்டில் போட்டதுமே மொத்த மருந்தையும் கொட்டிவிடுகிறது. அவரும் அப்படித்தான். ஆள் அகப்பட்டால் போதும்.

நம்மவரின் மனைவிக்கு முழங்கால் வீங்கிவிட்டது. வீடோ மூன்றாவது மாடி, லிஃப்ட் கிடையாது. டாக்டர் சொன்ன வலி மாத்திரையை வாங்கிவர இவரை அனுப்பினாள்.

மருந்துக்கடைக்காரர் அட்டையை எடுத்து நீட்டியதுதான் தாமதம், நம்மவர் அவரைப் பிடித்துக்கொண்டார்.

"இதை முழுங்கினா என்னாகும் தெரியுமா? வயிறு, ஈரல்னு ஊரெல்லாம் சுத்திட்டு, முழங்காலுக்குத் துளியூண்டுதான் போகும்."

"அப்ப வேண்டாமா சார்?"

"நீங்களே யோசிச்சுப் பாருங்க" என்று சொல்லிவிட்டு, ஒரு மனிதருக்காவது புரியவைத்த நிறைவோடு வெறுங்கையுடன் வீடு திரும்பினார்.

"மாத்திரை எங்க?" என்றாள் மனைவி.

"அது கண்ட இடத்துக்கும் போகும்மா. நம்ம ஜெல் வந்துட்டா நேரா..."

"எப்ப வரும்?"

"இன்னும் அஞ்சே..." என்று தொடங்கியவர், அவளுடைய வீங்கிய முழங்காலைப் பார்த்தார். அந்த அஞ்சு வருஷம் முதன்முறையாக அவருக்கே நீளமாகத் தெரிந்தது.

அவள் செருப்பை மாட்டிக்கொண்டு, கைப்பிடிச் சுவரைப் பற்றி, ஒவ்வொரு படியிலும் நின்று நின்று இறங்கினாள். நம்மவர் மேலேயிருந்து பார்த்தார். படி இறங்கும்போது மூட்டில் எவ்வளவு பாரம் விழும் என்று மாநாடுகளில் படம் போட்டுக் காட்டியவராயிற்றே. வெட்கம் பிடுங்கித் தின்ன, பின்னாலேயே ஓடினார்.

"நீ உட்காரு, நான் வாங்கிட்டு வரேன்."

"வேண்டாங்க. நீங்க மறுபடி போனா அந்தக் கடைக்காரருக்கும் மாத்திரை தேவைப்படும்."

சிரிக்கிறீர்கள். உங்களுக்கும் ஜெல்லுக்கும் சம்பந்தமே இல்லைதான். இருந்தாலும் ஒன்று கேட்டுவைக்கிறேன். காலையில் வீட்டில் உங்களிடம் என்னமோ கேட்டார்களே, அதைக் கொடுத்தீர்களா, விளக்கம் கொடுத்தீர்களா?