பெருவிரலில் தூண்டில் முள்

தூண்டிலில் இரைக்கு மடவை மீனைக் கோர்க்கப் போய், என் பெருவிரலைக் கோர்த்துக்கொண்டேன்.

வருஷம் ஆயிரத்துத் தொள்ளாயிரத்து நாற்பத்தாறு. தூத்துக்குடியில் எனக்கு வெற்றிலைக் கடை. என் கையால் ஒரு பாரை மீன் பிடித்துவிட வேண்டும் என்று வெறி. பாரை செத்த இரையைச் சீந்தாது. உயிருள்ள மடவையை முதுகில் கோர்த்து விட வேண்டும். கடல் பக்கம் போகக்கூடாது என்பது என் மனைவி முத்துக்கனியின் உத்தரவு. ஆத்தூர் வெற்றிலைக் கொடிக்காலுக்குப் போகிறேன் என்று புளுகிவிட்டு, மீன் பிடிக்கிற சிநேகிதன் ஜெபசீலனோடு தோணித்துறைக்குப் போனேன்.

மடவையை வெற்றிலை பிடிக்கிற மாதிரியே பிடித்தேன். மேலே ஆள்காட்டி விரல், அடியில் பெருவிரல். முப்பது வருஷப் பழக்கம். வெற்றிலை துள்ளாது. மடவை துள்ளியது. அது கடலுக்குப் போனது. முள் எனக்குள் வந்தது.

"ஏலே, இழு."

"இழுக்கக்கூடாது அண்ணாச்சி. நுனியில எதிர்முள் இருக்கு. சதையும் சேந்து வரும்."

"அப்ப கெடக்கட்டும்."

"ரணஜன்னி வரும். தாடை இறுகிப்போவும். எங்க மாமா ஒருத்தரு அப்படித்தான் வாயத் தொறக்காமலே போய்ச் சேந்தாரு."

"ஆஸ்பத்திரில?"

"கத்தியால கீறுவாங்க."

கையை முதுகுக்குப் பின்னால் ஒளித்துக்கொண்டேன்.

"முத்துக்கனிக்குத் தெரியக்கூடாதுலே."

"சத்தியமா அவங்ககிட்டச் சொல்ல மாட்டேன்."

கையைத் துண்டில் சுற்றிக்கொண்டேன். ஊருக்குள் எவன் முகத்தையும் ஏறிட்டுப் பார்க்கவில்லை. ஒரு தெருவுக்கு இரண்டு தரம் வாயைத் திறந்து மூடித் தாடையைச் சோதித்தேன். ஒருவர் நான் பாடுவதாக நினைத்து நின்று கேட்டார்.

வாசலில் முத்துக்கனி.

"கொடிக்கால் எப்படி இருக்கு?"

"இருக்கு."

"துண்டுல என்ன?"

"வெத்தல. வெயில்ல வாடிரும்லா."

"சாப்பிட வாங்க."

"பசியில்ல."

"மூஞ்சி ஒரு மாதிரி இருக்கே."

"தாடைக்கு ஒண்ணுமில்ல ஏளா."

"நான் தாடைன்னு சொல்லலியே."

எதிரே உட்கார்ந்து உற்றுப் பார்த்தாள்.

"வாயத் தொறங்க பாப்போம்."

திறந்தேன்.

"இன்னும். கண்ண மூடிக்கிடுங்க."

துண்டைத் தளர்த்தி, என் கையை எடுத்துத் தன் மடியில் வைத்தாள். நாடி பார்க்கிறாள் என்று நினைத்தேன். என் உயிர் முழுதும் தாடையில் இருந்தது.

"இறுகுதா?"

"ஆ... ஆ..."

சுரீர் என்றது. கண்ணைத் திறந்தால், அவள் கையில் வெற்றிலைக் கட்டு கட்டுகிற வாழைநாரில் முள் தொங்குகிறது.

"எப்படிளா?"

"முள்ளு வளைவுல நார மாட்டி, முதுக அமுக்கிக்கிட்டு வெடுக்குன்னு இழுக்கணுமாம். ஜெபசீலன் பொண்டாட்டி பிளாரன்ஸ் உங்களுக்கு முந்தியே ஓடிவந்து சொல்லிக்குடுத்துட்டா."

என்னிடம் செய்த சத்தியத்தை அவன் மீறவில்லைதான். தன் பெண்டாட்டியிடம் மட்டும் சொல்லியிருக்கிறான்.

"அப்ப ரணஜன்னி வராதுல்லா?"

"வராம இருக்க ஆஸ்பத்திரில ஊசி போடணும். வண்டி வந்துட்டு."

"எவ்வளவு பெரிய ஊசி?"

"அங்கன போய்ப் பாருங்க."

புறவாசல் கதவுக்குப் பாய்ந்தேன். அதை எப்போதோ பூட்டி, சாவியை இடுப்பில் செருகிக்கொண்டு நின்றாள் முத்துக்கனி.