ட்ரையல் அண்ணனின் பதினான்கு நாட்கள்

எங்கள் ட்ரையல் அண்ணனைப் போல் எதையும் நம்பாத மனிதர் எண்ணூர் முதல் ராயபுரம் வரை வேறு ஒருவரும் கிடையாது. அப்படி ஒருவர் இருப்பதாக நீங்கள் சொன்னாலும், அவரோடு பதினான்கு நாள் பழகிப் பார்த்துவிட்டுத்தான் அண்ணன் ஒப்புக்கொள்வார்.

விம்கோ நகர் பக்கம் ஒரு பட்டறையில் ஆபீஸ் வேலை எனக்கு. கப்பல்களில் இருந்து கழற்றி வரும் பம்புகளையும் வால்வுகளையும் பழுது பார்த்துத் திருப்பி அனுப்புவது எங்கள் தொழில். எந்தப் பம்பு எந்தத் தேதியில் வந்தது, என்றைக்கு மழை பெய்தது, எந்தக் கிழமை யாரோடு யார் சண்டை போட்டார்கள் என்று தினமும் டைரி எழுதுகிறவன் நான். அதனால் பட்டறையில் என் பெயர் ‘ரைட்டரு’. இதில் வரும் கிழமைகளை நீங்கள் தாராளமாக நம்பலாம், ஒன்றே ஒன்றைத் தவிர. அது எது என்பதைப் பிறகு சொல்கிறேன்.

ட்ரையல் அண்ணன் ஸ்டோர் பொறுப்பாளர். கடலோரக் குப்பத்து மீனவக் குடும்பம். மூக்குக் கண்ணாடியை வலை நூலால் கட்டிக் கழுத்தில் தொங்கவிட்டிருப்பார். செருப்பு வாங்கப் போனால் பழைய செருப்பைக் கடையில் பிணையாக வைத்துவிட்டு, புதியதைப் போட்டுக்கொண்டு ரயில்வே கேட் வரை நடந்து பார்த்துத் திரும்புவார். பஜ்ஜிக் கடையில் முதலில் சட்னி மட்டும் கேட்பார். எங்கள் முதலாளி பாய் அவரை வேலைக்குச் சேர்த்தபோது, ‘எப்படி வேலை செய்கிறாய் பார்க்கலாம்’ என்றாராம். அண்ணன் சொன்ன பதில் இன்றைக்கும் பட்டறையில் பிரபலம்: “நீ என்ன பாரு, நான் உன்ன பாக்குறேன். பதினாலு நாள்.” பதினைந்தாம் நாள் காலை ஆபீசுக்குள் வந்து, “பரவால்ல பாய், நீ பாஸு” என்று சொல்லிவிட்டுப் போனார்.

அப்பேர்ப்பட்டவரிடம்தான் பாய் அந்த வேலையைக் கொடுத்தார்.

எங்களுக்கு அதிகமாக வேலை தரும் கப்பல் கம்பெனி ஒன்று கடிதம் எழுதியிருந்தது. தங்கள் பொருள் எது எங்கே, எந்த நிலையில் இருக்கிறது என்பதைத் தங்கள் அதிகாரி எங்கிருந்தும் இணையத்தில் பார்க்க முடிய வேண்டும். ஆடி மாதக் கடைசி வியாழக்கிழமை காலை பதினோரு மணிக்கு அதிகாரி நேரில் வந்து சோதிப்பார். சரியில்லை என்றால் கொடுத்த பம்புகளைத் திருப்பி எடுத்துக்கொள்வார்கள். அந்தப் பம்புகள் போனால் பட்டறையில் பாதிப் பேர் வேறு வேலை தேட வேண்டியதுதான்.

“நெட்டுலயே ஓடுற டேட்டாபேஸாம். கம்ப்யூட்டர் படிக்காதவங்களும் தாங்களே செஞ்சுக்கலாமாம். பத்து கம்பெனி விக்கிறான். எது நல்லதுன்னு பார்த்துச் சொல்லு. எல்லாரும் இலவசமா ட்ரையல் தர்றாங்க” என்றார் பாய்.

“எத்தினி நாளு?” என்றார் அண்ணன்.

“பதினாலு நாள்.”

அண்ணன் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டார். உலகம் கடைசியில் தன் வழிக்கு வந்துவிட்டதே என்று அவர் பூரித்துப்போனதாகவே நான் நினைக்கிறேன்.

கம்பெனிகளின் பெயர் அவர் வாயில் நுழையவில்லை. சின்னத்தின் நிறத்தை வைத்து ஆரஞ்சு, நீலம், பச்சை என்று பெயர் சூட்டினார். முதலில் ஆரஞ்சுக்காரர் வந்தார். டை கட்டிய இளைஞர். ஏ.சி. அறையில் உட்கார்ந்து அழகாகப் படம் காட்டினார். அண்ணன் பொறுமையாகப் பார்த்துவிட்டு, “வா நைனா” என்று கையைப் பிடித்து குடோனின் கடைசி மூலைக்கு இழுத்துப்போனார். நான்கு பக்கமும் இரும்பு. சிக்னல் ஒரு கோடு காட்டினால் அதிர்ஷ்டம். இளைஞரின் விரல்களில் கிரீசைத் தடவி, ஓரம் உடைந்த போன் ஒன்றையும் கொடுத்தார்.

“இப்போ காட்டு.”

“சார், இது ஐடியல் கண்டிஷன் இல்ல சார்.”

“எங்களுக்கு டெய்லி இதான் கண்டிசன். ஏ.சி. ரூம்ல பம்பா கீது?”

இளைஞர் டையால் நெற்றியைத் துடைத்தார். கிரீஸ் நெற்றிக்கும் டைக்கும் சரிசமமாகப் பிரிந்தது. இருந்தாலும் விடாமல், “சார், இது பிசினஸ் யூசர்ஸ்க்காகவே செஞ்சது” என்றார்.

“பிசினஸ் பண்றவங்களுக்கா? இங்க நாங்கள்லாம் சம்பளக்காரனுங்க. பிசினஸ் பண்றவங்க கேட்டாண்ட குந்தினுகீறாங்க. யக்கா! கன்னிம்மாக்கா! இங்க வா!”

கன்னியம்மா அக்கா எங்கள் கேட்டுக்கு வெளியே மீன் கூடை வைத்திருப்பவர். அன்று முதல் எங்கள் அதிகாரபூர்வமான பிசினஸ் யூசர் அவர்தான். எந்தக் கம்பெனி வந்தாலும் அவர் பார்க்காமல் விட்டதில்லை.

“வஞ்சரம் இல்லன்னு சொன்னா, அவங்க வூட்ல அப்பால இன்னா மீனு வாங்குவாங்கன்னு இது சொல்லுமா?” என்று கேட்டார் அக்கா.

“அதுக்கு ப்ரீமியம் பிளான் எடுக்கணும்மா.”

“அய்ய! அத நானே சொல்லுவேனே. இதுக்கு எதுக்கு நைனா இவ்ளோ தூரம் வந்துகினு?”

அண்ணனின் அடுத்த சோதனை, பட்டியலில் புதிதாக ஒரு கட்டம் சேர்ப்பது. எங்கள் பட்டறையில் பொருளை நம்பர் சொல்லி யாரும் கேட்பதில்லை. தொப்பைப் பம்பு, மூக்கறுந்த வால்வு, மாமியார் மோட்டார் என்றுதான் கேட்பார்கள். ஆகவே ‘நாங்க கூப்புட்ற பேரு’ என்று ஒரு கட்டம் வேண்டும். ஆரஞ்சுக்காரரிடம் சொன்னதற்கு, விண்ணப்பம் போடச் சொல்லி, மூன்று நாள் கழித்துச் சேர்த்தார்கள். பச்சையில் அந்தக் கட்டம் தமிழையே ஏற்கவில்லை, வரிசையாகக் கேள்விக்குறி போட்டது. நீலத்தில் மட்டும் அண்ணன் ஒரு கையில் பஜ்ஜி வைத்துக்கொண்டே தானே சேர்த்துவிட்டார்.

அதோடு நீலத்தைத் தேர்ந்தெடுத்திருக்கலாம். அவர்தான் ட்ரையல் அண்ணனாயிற்றே. பதினான்கு நாள் முடிந்ததும் மொத்தப் பொருள் பட்டியலையும் தூக்கிக்கொண்டு அடுத்த கம்பெனிக்குக் குடிபோவார். ஒவ்வொரு முறையும் புதிய ஈமெயில், புதிய பெயர். எங்கள் எல்லோருடைய பெயரும் தீர்ந்த பிறகு, பட்டறை நாயின் பெயரில் ஒன்று தொடங்கினார். ‘மணி, கொள்முதல் மேலாளர்.’

விளைவு, ஒரு செவ்வாய்க்கிழமை இன்னொரு கம்பெனிக்காரர் இனிப்புப் பெட்டியோடு காரில் வந்து இறங்கினார். “மிஸ்டர் மணியைப் பார்க்கணும்.”

“தோ, வராரு பாரு” என்றார் அண்ணன், சிரிக்காமல்.

மணி வாலை ஆட்டிக்கொண்டு வந்தான். இனிப்புப் பெட்டியின் பெரும்பகுதியை அவனே பெற்றுக்கொண்டான். கார் என்றால் உள்ளே இனிப்பு இருக்கும் என்பதை அன்றைக்குக் கற்றவன்தான், இன்றுவரை மறக்கவில்லை.

அண்ணனின் கடைசிச் சோதனைதான் வருகிறவர்களுக்குப் புரியாது. ஒவ்வொரு புதன்கிழமை மாலையும் உள்ளே போட்ட அத்தனையையும் வெளியே எடுத்து, தன் பென் டிரைவில் வைத்துக்கொள்வார்.

“ஏண்ணே, உள்ளதான் பத்திரமா இருக்கே?” என்றேன்.

“உள்ள போட்றதுக்கு எல்லாரும் சிரிச்சிகினே கத்துக் குடுக்கறான் ரைட்டரே. வெளிய எப்டி எடுக்கறதுன்னு கேட்டா மட்டும் அவனுக்கு போன் வந்துடுது. கவனிச்சியா?”

கவனித்திருந்தேன். எனக்குக் கவனம் அதிகம் என்பதில் ரொம்பப் பெருமை வேறு. இனி, அந்த ஒரு கிழமைக்கு வருகிறேன்.

ஆரஞ்சுக்காரர்கள் விரலைத் துடைத்துக்கொண்டு, இரண்டாவது வாய்ப்புக் கேட்டு வந்தார்கள். அண்ணனும் கொடுத்தார். அதிகாரி வரும் நாளில் எல்லாம் அதில்தான் இருக்கும். “எப்போ முடியிது, பாத்து சொல்லு” என்றார் என்னிடம். பதிவு செய்தது ஒரு வியாழக்கிழமை. பதினான்கு நாள் கூட்டினேன், மறு மறு வியாழன். “அதிகாரி வர்ற வியாழக்கிழமை ராத்திரி வரைக்கும் இருக்குண்ணே” என்று டைரியைப் பார்த்தே சொன்னேன். அண்ணன் எதையும் சரிபார்க்காமல் விடாதவர். அன்று மட்டும் சரிபார்க்கவில்லை.

பதிவு செய்த நாளையே முதல் நாளாக எண்ணுகிறார்கள் என்று எனக்குத் தெரியாது. புதன்கிழமை நள்ளிரவோடு கதை முடிந்திருந்தது. வியாழன் காலை பத்தே காலுக்குத் திரையைத் திறந்தால், ஒரு பூட்டுப் படம். ‘உங்கள் ட்ரையல் முடிந்தது. ஆண்டுச் சந்தா கட்டித் தொடரவும்.’

“அண்ணே! பாய்!” என்று கத்தினேன். பாய் ஓடி வந்து பர்சிலிருந்து கார்டை எடுத்தார். “எவ்வளவுன்னாலும் கட்டு! யாரு நாள் கணக்குப் பார்த்தது?”

நான் வாயைத் திறப்பதற்குள், “நான்தான்” என்றார் அண்ணன்.

“உன்ன நம்பி முப்பது குடும்பம் இருக்கு, யோசிச்சியா?”

“யோசிச்சேன் பாய். கதவப் பூட்டிகினு காசு கேக்குறவன்கிட்ட வருசம் பூரா மாட்டிக்கணுமா? நாப்பது நிமிசம் குடு.” பாயின் கையிலிருந்து கார்டைப் பிடுங்கித் தன் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு நீலத்தைத் திறந்தார். புதிய கணக்கு வேண்டும். எங்கள் பெயர்கள் தீர்ந்துவிட்டன, மணியின் பெயரும் தீர்ந்துவிட்டது. அண்ணன் ஒரு நொடி யோசித்து, பெயர்: கன்னியம்மா, பதவி: முதலாளி என்று அடித்தார். போன் நம்பரும் அக்காவுடையதே.

அதே நேரம் கேட்டில் ஒரு கார் வந்து நின்றது. அதிகாரி. அரை மணி நேரம் முன்னாலேயே.

இந்த இடத்தில் மணி செய்த சேவையை நான் மறக்கவே மாட்டேன். காரைப் பார்த்ததும் இனிப்பு நினைவு வந்து, முன்னங்கால் இரண்டையும் கார்க் கதவில் வைத்துக் குரைத்தான். அதிகாரி கண்ணாடியை ஏற்றினார். கன்னியம்மா அக்கா கூடையை விட்டு எழுந்து ஓடினார்.

“சார், எறங்காதீங்க சார்! பொல்லாத நாயி! போன வாரம்தான் ஒருத்தர் கால...”

மணி தன் வாழ்நாளில் யாரையும் கடித்ததில்லை. அக்கா சங்கிலி தேடுவது போல நான்கு முறை கேட்டைச் சுற்றினார். நடுவில் அவர் இடுப்புச் சுருக்குப் பையில் போன் சத்தம் போட்டது.

“டேய் ட்ரையலு! ஏதோ ஆறு நம்பரு வந்துகீதுடா!”

“கத்து யக்கா!”

அக்கா கத்தினார். விம்கோ நகர் முழுக்கக் கேட்ட அந்த ரகசிய எண்ணை அண்ணன் அடித்தார், கணக்கு திறந்தது. முந்தின நாள் மாலை வெளியே எடுத்து வைத்த பட்டியலை ஏற்றினார். கட்டங்களைப் பொருத்திக்கொண்டிருந்தபோது அவர் நெற்றியில் வேர்வை வழிந்ததை நான் முதல் முறையாகப் பார்த்தேன். கடைசிக் கட்டம் ஏறியதும் ஜன்னல் வழியே, “யக்கா, நாயக் கட்டு!” என்றார்.

அதிகாரி இறங்கி, அண்ணன் அனுப்பிய இணைப்பை நேராகத் தன் போனில் திறந்து பார்த்தார். எல்லாம் இருந்தன. திருப்தியாகவில்லை. “இத நீங்க ஆபீஸ்ல உட்கார்ந்து செஞ்சு வெச்சிருப்பீங்க. வேலை செய்யிற ஆளு யாராவது எங்க கடல் தண்ணி பம்பைக் கண்டுபிடிக்கட்டும்” என்றார்.

குடோனின் கடைசி மூலையில், கை நிறைய கிரீசோடு நின்றிருந்த ஃபிட்டர் உடைந்த போனை வாங்கி ‘தொப்ப’ என்று அடித்தார். அந்த ஒற்றைக் கோடு சிக்னலில் ஏழாம் ராக், இரண்டாம் தட்டு, பேரிங் மாற்றியாகிவிட்டது என்று வந்து நின்றது. அதிகாரி போய்ப் பார்த்தார். பம்பைப் பார்த்து, அதன் தொப்பையைப் பார்த்து, முதல் முறையாகச் சிரித்தார். வேலை எங்களிடமே இருந்தது.

அன்று மாலை அண்ணன் நீலத்துக்கு, “பாஸு” என்றார். அந்தக் கணக்கு இன்றும் அக்கா பெயரில்தான் ஓடுகிறது. ‘மதிப்புக்குரிய முதலாளி கன்னியம்மா அவர்களுக்கு’ என்று மாதா மாதம் கடிதம் வரும்போதெல்லாம் அவர் மீன் விலையைச் சற்று ஏற்றிவிடுகிறார்.

“ஏண்ணே உங்க மேல போட்டுக்கிட்டீங்க?” என்று நான் கேட்டதற்கு, “உன் டைரில தப்புன்னு தெரிஞ்சா நீ அப்பால இன்னாத்த எழுதுவ?” என்றார். பாயிடம் நான் உண்மையைச் சொன்னது ஆறு நாள் கழித்து, ஒரு புதன்கிழமை. அவருக்கு முன்பே தெரியுமாம்.

போன தை மாதம், மாத்தூரில் இருக்கும் மகள், தன்னோடு வந்து இருக்கச் சொல்லி அண்ணனை அழைத்தாள். “சட்டுனு போயிட முடியுமா? பதினாலு நாள் ட்ரையல் பாத்துட்டு வரேன்” என்று ஒரு வியாழக்கிழமை லீவு போட்டுவிட்டுப் போனார். மகள் வீடு பாஸாகிவிட்டது, அவர் திரும்பவில்லை. ஆனால் அது எனக்கு அப்போது தெரியாதே. முதல் நாளைச் சேர்த்து எண்ணினால் வியாழக்கிழமை வர வேண்டும், சேர்க்காமல் எண்ணினால் வெள்ளிக்கிழமை. இரண்டு நாளும் எட்டு மணிக்கே போய் கேட்டில் நின்றேன்.