ரூபினி மிஸிக்கு நான் போட்ட ஒன்றுகள்

சிடாம் கிரி,
சனிக்கிழமை

மரியாதைக்குரிய மச்சான் பரஞ்சோதி அவர்களுக்கு, அத்தான் நடராஜா எழுதுவது.

உங்கள் அக்கா யோகேஸ்வரி ஆஸ்பத்திரியிலிருந்து வீடு திரும்பி மூன்று வாரமாகிறது. பேச்சு தெளிந்துவிட்டதால் எனக்குத் திட்டும் பழையபடி கிடைக்கிறது. அலோர் ஸ்டாரில் நீங்களும் குடும்பமும் சுகமாக இருக்க வேண்டுகிறேன்.

மச்சான், நான் ஒரு பெண்ணுக்குத் துரோகம் செய்துவிட்டேன். பக்கவாதத்தில் அக்காவின் வலது கை விழுந்து கிடந்த பதினெட்டு நாளும், அந்தக் கையைக் கரண்டி பிடிக்கப் பழக்கியவள் வார்டு நர்ஸ் ரூபினி மிஸிதான். வீட்டுக்குக் கிளம்பும் நாளில் நிரப்பித் தரச்சொல்லி ஒரு பாரம், கருத்துப் படிவம், கொடுத்தார்கள். ஆஸ்பத்திரி எப்படி நடக்கிறது என்று நாமே ஒன்றிலிருந்து ஐந்துவரை மார்க் போட வேண்டுமாம். மலாயில் பொடி எழுத்து, கண்ணாடியோ வீட்டில். முப்பத்தொரு வருஷம் தோட்டத்து ஸ்டோரில் ரப்பர் ஷீட்டைத் தரம் பிரித்தவனுக்குக் கண்ணாடி எதற்கு என்று நினைத்தேன். ஒன்றாம் நம்பர் ஷீட்டில் ஒரு புள்ளி இருக்காது, கப்பலேறிப் போகும். ஐந்தாம் நம்பர் கழிசல். மிஸியின் பெயரை எழுதி, கவனிப்புக்கு ஒன்று, பொறுமைக்கு ஒன்று, சுத்தத்துக்கு ஒன்று என்று வாரி வழங்கினேன். உப்பில்லாத கஞ்சிக்கு மட்டும் ஐந்து.

வியாழக்கிழமை மறுபரிசோதனைக்குப் போனபோது மிஸியைப் பார்க்க வார்டுக்கும் போனோம். சமையலறைக்குப் பாராட்டுப் பத்திரம் மாட்டியிருந்தது. மிஸியிடம் விளக்கம் கேட்டிருக்கிறார்கள், மாதக் கடைசியில் விசாரணை. அவள் கோபப்படவில்லை. "ஆன்ட்டிக்கு நான் என்ன கொற வச்சேன் அங்கிள்?" என்று மட்டும் கேட்டாள். ஐந்துதான் உயர்வு என்று அப்போதுதான் எனக்கு உறைத்தது. நான் வாய் திறப்பதற்குள் வேறு கட்டிலுக்குக் கூப்பிட்டார்கள், ஓடிவிட்டாள். அன்றிலிருந்து எனக்குச் சோறு இறங்கவில்லை.

புதுப் பாரம் கேட்டு வாங்கி, நிரப்பி இணைத்திருக்கிறேன். இந்தக் கடிதத்தை உங்கள் அரசாங்க மலாயில் எழுதி, இரண்டையும் பெரிய டாக்டரிடம் சேர்த்துவிடுங்கள். அந்தப் பெண்ணின் பெயர் கெடக்கூடாது.

தங்கச்சிக்கும் பிள்ளைகளுக்கும் என் ஆசிகள்.

உங்கள் அத்தான்,
நடராஜா

பி.கு.: உறையை ஒட்டுமுன் அக்கா பாரத்தை வாங்கிப் பார்த்தாள். இதிலும் எல்லாம் ஒன்று. பழகிய கை, நான் கவனிக்கவில்லை. "இப்படிக் குடுங்க" என்று பேனாவைப் பிடுங்கி, எல்லாவற்றையும் அடித்துவிட்டு ஐந்து ஐந்தாக வட்டமிட்டாள். வலது கையாலேயே, கோணல்மாணலாக, அரைமணி நேரம். ஆகவே மேலே உள்ளதை மொழிபெயர்க்க வேண்டாம், கிழித்துப் போடுங்கள். பாரத்தை மட்டும் கொடுத்து, இது எந்தக் கை எழுதியது என்று சொன்னால் போதும். கஞ்சிக்கும் ஐந்துதான் போட்டிருக்கிறாள். மிஸி ஊட்டிய கஞ்சியாம்.