மலையை விட்டு இறங்கப் போகிறவர்

காலையில் பல் விளக்கும்போது தொடங்கி இரவில் பாய் விரிக்கும்வரை ஒருவர் தன் வேலையைத் திட்டிக்கொண்டே இருக்கிறார். அப்படிப்பட்டவர் மறுநாள் விடிந்ததும் அதே வேலைக்கு எல்லோருக்கும் முன்னால் போய் நிற்பது ஏன்?

சம்பளத்துக்காக என்று சட்டென்று சொல்லிவிடாதீர்கள். நேரத்துக்கு வருகிறவருக்கும் அதே சம்பளம்தான். முன்கூட்டியே வந்து நிற்பதற்கு எந்த நிர்வாகமும் இதுவரை கூடுதலாக ஒரு டீ கூட வாங்கித் தந்ததில்லை. பழக்கம் என்பீர்கள். பதில் தெரியாதபோது நாம் எல்லோரும் கையில் எடுக்கும் சொல் அது.

இந்த வகை மனிதருக்கு 'விடப்போகிறவர்' என்று பெயர் வைத்துக்கொள்வோம். வங்கியில், பள்ளிக்கூடத்தில், ரேஷன் கடையில், தாலுகா ஆபீசில், நீங்கள் எங்கே போனாலும் ஒருவர் இருப்பார். வேலையை அவர் விட்டதில்லை, விடப்போகிறார். விட்டதற்கும் விடப்போவதற்கும் நடுவில் அவருடைய முழு சர்வீஸும் ஓடி முடிந்துவிடும். இவர்கள் ஒவ்வொருவருக்கும் தவறாமல் ஓர் ஆட்டுப்பண்ணை உண்டு. நிலத்தில் தேடாதீர்கள், பேச்சில்தான் இருக்கிறது. அந்த ஆடுகளுக்கு நோய் வராது, தழை வேண்டாம், அடுத்தவன் கொல்லையில் மேயாது, வருடம் தவறாமல் இரட்டைக் குட்டி போடும். ஓசூரில் செல்போன் கடை வைத்து ராஜா மாதிரி வாழும் மச்சான் ஒருவரும் உண்டு. அந்த மச்சானும் தன் கடையை விடப்போகிறவர்தான் என்பது வேறு விஷயம்.

நம் கைக்கு அகப்பட்டவர் தசரதன். அரசு பஸ் கண்டக்டர். சொந்த ஊர் கலசப்பாக்கம் பக்கம். அவருடைய பஸ் காலையில் அடிவாரத்திலிருந்து கிளம்பி, ஜவ்வாது மலையின் கொண்டை ஊசி வளைவுகளில் முனகிக்கொண்டே ஏறி, ஈச்சங்குட்டை என்ற ஊரில் போய் நின்று மூச்சு வாங்கும். மதியம் அங்கே கொஞ்ச நேரம் நிறுத்தம். பிறகு இறக்கம். அவ்வளவுதான். அந்த ஊருக்கு ஒரு நாளைக்கு அந்த ஒரு பஸ்தான்.

டிரைவர் சின்னராஜ் டெப்போவுக்குள் வரும்போதே தசரதன் வந்திருப்பார். ஆடுகிற ஜன்னல் கண்ணாடிக்கு நடுவே பழைய துணியைத் திணித்தபடி இந்த வண்டி ரோட்டில் ஓடலாம் என்று எந்த மடையன் எஃப்.சி. கொடுத்தான் என்று கேட்பார். படிக்கட்டில் சேற்றைச் சுரண்டியபடி, பேசாமல் ஆடு மேய்க்கலாம் என்பார். வாய் ஒரு வேலையையும் கை வேறொரு வேலையையும் பார்க்கும். இரண்டுக்கும் பேச்சுவார்த்தை கிடையாது.

வண்டி மலை ஏற ஏற, திட்டும் ஏறும். முதல் வளைவில் முதுகுவலி. நடு வளைவுகளில் நிர்வாகம், யூனியன், கடைசியாகப் போட்ட பஞ்சப்படி. உச்சிக்கு முந்தைய வளைவில் கடவுள். எதிரே லாரி வந்து வண்டி நின்றுவிட்டால், இந்த வேலைக்கு மனுப் போடச் சொன்ன மாமனாரும் சேர்ந்துகொள்வார். "டிக்கெட்டு குடுக்கறவன் நானு. ஏறுறவன்லாம் எங்கனா போய்ச் சேர்றான். நான் ஒருத்தன்தான் எங்கியும் போய்ச் சேர்றதில்ல" என்பார். பஸ் சிரிக்கும். அவருக்கு அந்தச் சிரிப்பு வேண்டும். விடப்போகிறவருக்குக் கேட்பவர்கள் இல்லாவிட்டால் வாழ்க்கை இல்லை. ஓடுகிற பஸ்ஸில் எழுந்து போகவும் முடியாது. இதைவிட நல்ல சபை எவருக்கு வாய்க்கும்?

இறங்கும்போது, ஊரைத் தாண்டியதும் தன் கொல்லை ஓரத்தில் நின்று பெரியம்மாள் கை காட்டுவாள். ஈச்சங்குட்டையில் புளியும் சாமையும் விளைவித்துக் கீழே கொண்டுபோய் விற்கிறவள்.

"இங்க ஸ்டாப்பிங் இல்லக்கா! தெனமும் இதே ரோதனையா?" என்று கத்திக்கொண்டே விசில் அடித்து நிறுத்துவார் தசரதன். "இன்னாக்கா இது, பலாப்பழமா புள்ளையா? லக்கேஜ் போட்டாவணும்."

"புள்ளன்னே வச்சிக்கயேன் தம்பி. பொட்டப் புள்ளதான். டிக்கெட்டு இலவசம்."

"இந்த வேலைய மனுசன் பாப்பானா?" என்று கேட்டுவிட்டு, அந்தப் பழத்தைத் தானே தூக்கித் தன் இருக்கைக்கு அடியில் உருளாமல் செருகிவைப்பார்.

இப்படியே போயிருக்கலாம். உங்களுக்கும் எனக்கும் அப்படித்தானே போகிறது? ஆனால் தசரதன் ஒரு பிழை செய்தார். சபை மாறிப் பேசிவிட்டார்.

ஈச்சங்குட்டையில் ஒரு வழக்கம். மாரியம்மனுக்குக் கூழ் ஊற்றி முடிந்ததும் ஊரின் பெரியதனக்காரர் அர்ச்சுனன் நடுவில் நின்று, "கொற இருக்கறவங்க சொல்லுங்க" என்பார். ஆளாளுக்குச் சொல்வார்கள். அதில் ஒரு குறையை ஊர் எடுத்துக்கொள்ளும். ஒன்றே ஒன்று. அந்த வருடம் முழுக்க ஊர் அதற்காகத்தான் அலையும். விருந்தாளி யாராவது குறை சொல்லிவிட்டால் மட்டும் அதற்குத்தான் முதலிடம். வீட்டுக்கு வந்தவனைக் காக்கவைத்துவிட்டுத் தான் சாப்பிடுவது அந்த ஊரில் இல்லை.

அந்த முறை எந்தக் குறையை எடுப்பது என்பதில் தகராறே இல்லை. சாயந்திர பஸ் வேண்டும். கீழே சந்தைக்குப் போகிறவர்கள் பொழுது சாய்ந்தால் திரும்ப வழியில்லாமல் பஸ் நிலையத்தில் மூட்டைக்குப் பக்கத்தில் முடங்கிக்கிடக்கிறார்கள். முன்பே கேட்டும் இருந்தார்கள். வண்டி இருக்கிறது, இரவு மலையில் தங்க ஆள்தான் இல்லை என்று டெப்போவில் சொல்லிவிட்டார்கள். அந்த 'ஆள்' யாரென்று ஊருக்குத் தெரியாது. தங்க மாட்டேன் என்று முதலில் கை தூக்கியவர் நம் தசரதன்தான்.

மதிய நிறுத்தத்தில் அவரையும் சின்னராஜையும் கூட்டத்துக்கு அழைத்து, இலை போட்டுச் சாமைச் சோறும் கறிக்குழம்பும் பரிமாறினார்கள். வயிறு நிறைந்தது. "கொற இருக்கறவங்க சொல்லுங்க" என்று கேட்டது. இத்தனை பேர் ஒரே இடத்தில் உட்கார்ந்து கேட்கத் தயாராக இருக்கும்போது விடப்போகிறவரின் நாக்கு சும்மா இருக்குமா?

"எனக்குத்தாங்க பெரிய கொற. இந்த மலைல ஏறி எறங்கி என் ஒடம்பு போச்சு. எப்டியாவது என்னக் கீழ எறக்கி வுட்டுடுங்க. புண்ணியமாப் போவும்" என்றார் தசரதன்.

சிரிப்புக்காகக் காத்திருந்தார். யாரும் சிரிக்கவில்லை. அர்ச்சுனன் தலையை ஆட்டினார். "சரிப்பா" என்றார்.

அதிகாரிகள் மலைக்கு வந்து மனு வாங்கிய நாளில் ஈச்சங்குட்டைக்காரர்கள் திரண்டு போய் நின்றார்கள். வந்திருந்த அதிகாரி, "உங்களுக்கு என்ன வேணும்?" என்று கேட்டார்.

"எங்களுக்கு ஒண்ணும் வேணாங்க. எங்க கண்டக்டர எறக்கி வுட்டுடுங்க" என்றார் அர்ச்சுனன்.

"அவர் மேல புகாரா?"

"ஐயய்யோ, தங்கமான மனுசங்க. தெனமும் அழுவுறாரு. பாக்க முடியல."

அரசாங்கத்துக்குச் செலவு வைக்காத மனு எங்கேயாவது தேங்கியிருக்கிறதா? சில நாட்களிலேயே உத்தரவு வந்துவிட்டது. வேலூர் – திருவண்ணாமலை ரோடு. வளைவு கிடையாது, பலாப்பழம் கிடையாது, இருட்டுவதற்குள் வீடு. வரும் திங்கட்கிழமை முதல்.

மனைவி அருணா அன்றைக்குக் கேசரி கிண்டினாள். "இனிமேனா அந்தப் பாட்ட நிறுத்துவியா?" என்றாள். தசரதன் கேசரியில் முந்திரி குறைவு என்றார். டெப்போவில் கை குலுக்கினார்கள். அந்த ரோட்டில் கூட்டம் அதிகம், சில்லறைத் தகராறு அதிகம், வெயில் அதிகம் என்று அவர்களிடம் விளக்கினார்.

"இன்னாண்ணா, கேட்டது கெடச்சிட்ச்சி. மூஞ்சி ஏன் சாணிய மிதிச்ச மாரி கீது?" என்றான் சின்னராஜ்.

"தூக்கம் இல்லடா."

"சந்தோசத்துலயா?"

"நீ ரோட்டப் பாத்து ஓட்டு."

அந்த வாரம் பஸ் வளைவுகளில் அமைதியாக ஏறியது. முதுகு வலிக்கவில்லை போலும். கடவுளுக்கும் ஓய்வு. இந்த மாற்றல் வேண்டாம் என்று டெப்போவில் ஒரு வார்த்தை சொன்னால் முடிந்துவிடும் காரியம்தான். ஆனால் அந்த வார்த்தையைச் சொன்னால், இத்தனை வருடம் சொன்னதெல்லாம் சும்மா என்று ஓர் ஊர் முன்னால் ஒப்புக்கொண்டதாகிவிடும். நீங்களே சொல்லுங்கள், வேலையை இழப்பது கஷ்டமா, வேலையைப் பற்றிய புலம்பலை இழப்பது கஷ்டமா?

கடைசி நாள் மதியம் ஈச்சங்குட்டையில் ஊரே நின்றிருந்தது. ஒரு புட்டி தேன், ஒரு மூட்டை சாமை. பெரியம்மாள் முன்னால் வந்தாள்.

"எங்க பாவத்துக்கு நீ பட்டது போதும் தம்பி. இனிமே நல்லா இரு."

"நீங்க எதுக்குக்கா இதெல்லாம்..."

"இதுல இன்னா இருக்குது. சாயந்தர பஸ்ஸு கேக்கலாம்னு இருந்தோம். ஒன் கொற முன்னாடி வந்துட்ச்சி. போவட்டும். அடுத்த வருசம் கேட்டுக்குறோம்."

அவள் குத்திக்காட்டவில்லை. பஸ் தாமதமாக வந்ததைச் சொல்வதுபோலச் சொன்னாள். தசரதன் தேன் புட்டியைக் கையில் வைத்துக்கொண்டு எங்கே வைப்பது என்று தெரியாமல் நின்றார். வரும் மழைக்காலத்தில் அவள் மூட்டையோடு எங்கே படுத்திருப்பாள் என்று அவருக்குத் தெரியும். பஸ் நிலையத்தின் அந்தச் சிமெண்ட் பெஞ்சை அவர் நிறைய முறை பார்த்திருக்கிறார். இறங்கும் வழியெல்லாம் அந்தப் புட்டியை மடியில் வைத்துக்கொண்டே டிக்கெட் கிழித்தார். சின்னராஜ் இரண்டு முறை திரும்பிப் பார்த்தான்.

திங்கட்கிழமை காலை தசரதன் கிளை மேலாளர் அறைக்குள் போனார்.

"நான் மலைக்கே போறேன் சார். அந்தச் சாயந்தர டிரிப்பையும் சேத்துப் போட்டுடுங்க. ராத்திரி அங்கியே தங்கிக்கிறேன்."

மேலாளர் கண்ணாடியைக் கழற்றினார். "ராத்திரி தங்க முடியாதுன்னு யூனியனயே இங்க கூட்டிட்டு வந்தவன் நீதானய்யா?"

"ஆமா சார்."

"இப்ப இன்னா ஆச்சு?"

தசரதன் மேலே பார்த்தார். "இந்த ஃபேன் ரொம்ப சத்தம் போடுது சார். ஆயில் வுடச் சொல்லுங்க" என்றார்.

வெளியே சின்னராஜ் தலையில் கை வைத்து உட்கார்ந்திருந்தான். "என்னிய ஒரு வார்த்த கேட்டியாண்ணா? எனக்கும் பொண்டாட்டி புள்ள கீதுண்ணா!" தசரதன் காதில் வாங்காமல் வண்டியில் ஏறினார்.

ஏன் அப்படிச் செய்தார்? அருணா கேட்டாள், மாற்றுச் சட்டையைப் பையில் வைக்கச் சொன்னார். அர்ச்சுனன் கேட்டார், டிக்கெட்டுக்குச் சில்லறை இருக்கிறதா என்று தசரதன் திருப்பிக் கேட்டார். இதைத் தியாகம் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. வெட்கமாக இருக்கலாம், வீம்பாக இருக்கலாம், புதிய ரோட்டில் சிரிக்க ஆள் கிடைக்காது என்ற பயமாகக்கூட இருக்கலாம். இன்றுவரை அவர் சொல்லவில்லை.

நீங்கள் அந்த வகை இல்லை என்று நினைத்துக்கொண்டுதான் இவ்வளவு தூரம் படித்திருப்பீர்கள். நல்லது. இருந்தாலும், நாளைக்கு ஆபீசில் புலம்ப வாயைத் திறக்கும் முன் சுற்றிலும் ஒருமுறை பார்த்துக்கொள்ளுங்கள். நீங்கள் சொல்வதை மெய்யாகவே நம்புகிற நல்லவர் யாராவது பக்கத்தில் உட்கார்ந்திருக்கப் போகிறார்.